'அது என்ன சத்தம் பாப்பா?' - குழந்தையின் காதோடு கொஞ்ச நேரம்!

"உங்க பாப்பா நல்ல பிள்ளைதாங்க. ஆனா, சொல்றதைக் கவனிக்கவே மாட்டேங்குறா. ரெண்டு மூணு தடவை கூப்பிட்டாத்தான் திரும்பியே பாக்குறா."

எல்.கே.ஜி டீச்சர் இப்படிச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது கோபமாகிவிட்டது. வீட்டிலும் அதே கதைதான். 'சாப்பிட வா' என்று நாலு முறை கத்த வேண்டும். டி.வி-யைச் சத்தமாக வைக்கச் சொல்லி அடம் பிடிப்பாள். 'பிடிவாதம், எல்லாம் மொபைல் பார்த்துக் கெட்டுப்போனது' என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அன்று சாயங்காலம் முதுகில் ஓர் அடியும் போட்டேன். இப்போது அதை எழுதும்போதும் கை கூசுகிறது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் என் மாமியார். இரண்டு நாள் கழித்து இரவில் கரன்ட் போய்விட்டது. மதுரைப் புழுக்கத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போய்ப் பாய் விரித்தோம். அத்தை பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, "கண்ண மூடிக்க ஆத்தா. என்னென்ன சத்தம் கேக்குதுன்னு அப்பத்தாவுக்குச் சொல்லு பாப்போம்" என்று ஆரம்பித்தார். "பஸ் ஹாரன்", "நாய்", "பக்கத்து வீட்டுத் தாத்தா இருமுறாரு" என்று வரிசையாகச் சொன்னாள். அப்போது இரண்டு தெரு தள்ளி குல்ஃபி வண்டியின் மணி. எனக்குக் கேட்டது, என் கணவருக்குக் கேட்டது, அறுபத்தெட்டு வயது அத்தைக்கும் கேட்டது.

"இன்னொன்னு கேக்குதே, அது என்னது?"

"ஒண்ணும் கேக்கலையே அப்பத்தா."

குல்ஃபி என்றால் உயிரை விடுகிற பிள்ளை!

அத்தை என்னைப் பார்த்தார். "ஏம்மா, புள்ளைக்குக் காது மந்தமா இருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டு. அத அடிச்சு என்ன பண்ண?"

காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது சகஜமாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, காதில் சீழும் வராது. அதனால் பிள்ளை எந்தப் புகாரும் சொல்லாது. தண்ணீருக்குள் முங்கியபடி வெளியில் பேசுவதைக் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இத்தனை நாள் நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும், மூன்று மாதம் பார்த்துவிட்டு மறுபடி சோதிப்போம் என்றார்.

அந்த மூன்று மாதமும் மாடி விளையாட்டை நாங்கள் விடவில்லை. எங்கள் சத்த விளையாட்டுகளை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

காதில் விழுவதும் கேட்பதும்

'காதில் விழுந்தது' என்கிறோம், 'காது கொடுத்துக் கேட்டேன்' என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றில்லை. காதில் விழுவதற்குக் காது இருந்தால் போதும். காது கொடுப்பதற்குப் பழக்கம் வேண்டும். அதைப் பெரியவர்கள்தான் கூட இருந்து பழக்க வேண்டியிருக்கிறது.

குழந்தை இந்த வேலையை வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. 1980-ல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வாயில் ஒரு ரப்பர் காம்பு. அதைச் சப்பும் விதத்தைப் பொறுத்து, பதிவு செய்த அம்மாவின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்கும். அம்மாவின் குரல் வருகிற மாதிரி குழந்தைகள் தங்கள் சப்பலை மாற்றிக்கொண்டார்கள்! வளைகாப்பில் கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குவது வயிற்றுப் பிள்ளைக்குச் சத்தம் கேட்கட்டும் என்றுதான் என்பார் என் அம்மா. அது எந்த அளவுக்கு உண்மையோ, ஆறாவது மாதத்துக்குப் பிறகு சத்தம் உள்ளே போகிறது என்பது உண்மை.

இன்னொரு ஆராய்ச்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. 1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள இரண்டு ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று நாக்கு பல்லில் படுகிற 'த', மற்றது நாக்கை மடித்துச் சொல்கிற 'ட'. ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் கிடையாது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் வித்தியாசத்தைப் பிடித்துவிட்டார்கள். பத்து, பன்னிரண்டு மாதம் ஆனவர்களில் மிகச் சிலரால்தான் முடிந்தது. வீட்டில் புழங்காத ஒலியை மூளை தேவையில்லை என்று ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது. ல, ள, ழ மூன்றும் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டுமென்றால், அவை முதலில் நம் வாயிலிருந்து அவர்கள் காதுக்குப் போக வேண்டும். டிக்டேஷனில் 'மலை'யையும் 'மழை'யையும் மாற்றி எழுதும் பிள்ளையின் சிக்கல் சில சமயம் கையில் இருப்பதில்லை, காதில் இருக்கிறது.

சமையல்கட்டுதான் முதல் வகுப்பு

இதற்கென்று பொம்மை எதுவும் வாங்க வேண்டாம். நம் சமையலறையைப் போலச் சத்தங்கள் நிறைந்த இடம் வேறு எங்கே இருக்கிறது?

எண்ணெய் காய்ந்ததும் கடுகு 'படபட'. கறிவேப்பிலையைப் போட்டால் 'சுர்ர்'. தோசை மாவை ஊற்றினால் 'சொய்ங்'. உலை 'தளதள'. அம்மிக்குழவி 'கரக் கரக்'. ஸ்பூன் கீழே விழுந்தால் 'டிங்', தட்டு விழுந்தால் 'டமார்', அந்தத் தட்டு சுற்றிச் சுற்றி அடங்கும்வரை 'ணங்ங்ங்'. இந்தச் சொற்களை நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் எல்லோரிடமும் இருக்கிறது. சலசல, கலகல, மடமட, சளசள, கிணுகிணு, நறநற, விறுவிறு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இலக்கணத்தில் இதற்கு இரட்டைக்கிளவி என்று பெயர். தொல்காப்பியத்திலேயே இதற்கு விதி இருக்கிறது, 'ஜீன்ஸ்' படப் பாட்டிலும் அந்தப் பெயர் வருகிறது.

சத்தத்தை விவரிக்கச் சொன்னால் நாலு வயதுப் பிள்ளையிடம் அதற்கு வார்த்தை இருக்காது. 'அதிர்வு', 'ஸ்ருதி' என்றெல்லாம் சொல்லித் தரவும் முடியாது. ஆனால் 'அருவி எப்படிக் கொட்டும்? கொலுசு எப்படிக் குலுங்கும்?' என்று கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வரும். நம் மொழி அதைத் தயாராக வைத்திருக்கிறது. இவ்வளவு வைத்துக்கொண்டு நாம் பிள்ளைக்கு மாடு 'மூ' என்று கத்தும் என்று வீடியோ போட்டுக் காட்டுகிறோம். நம்மூர் மாடு 'ம்மா' என்றுதானே கத்துகிறது?

எங்கள் வீட்டில் பெரிய வெற்றி, சொம்பு விளையாட்டுதான். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அரட்டை அடிக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். பேச்சு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், குடம் நிரம்பப்போகும் நேரத்தில் திரும்பிப் பார்க்காமலேயே கை குழாய்க்குப் போகும். எப்படித் தெரிகிறது? சத்தம்தான். காலிக் குடத்தில் தண்ணீர் கட்டைக்குரலில் விழும். நிரம்ப நிரம்ப, உள்ளே இருக்கும் காற்றின் உயரம் குறையும். அதனால் சத்தம் மெல்லிசாகி மேலே ஏறும்.

பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டு, சொம்பைக் குழாய்க்கு அடியில் வையுங்கள். நிரம்பப்போகும்போது 'நிறுத்து' என்று சொல்ல வேண்டும். முதல் நாள் என் மகள் பாதியிலேயே நிறுத்தினாள். அடுத்த நாள் வழிந்து தரையெல்லாம் தண்ணீர். நாலாம் நாள் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்திவிட்டு, "சத்தம் மாடிப்படி ஏறுச்சும்மா, மேல போயிருச்சு. அதான் சொன்னேன்" என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. கீழ்ஸ்தாயி, மேல்ஸ்தாயி என்று பாட்டு டீச்சர் சொல்வதை அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். (தண்ணீரை வீணாக்க வேண்டாம், அப்படியே செடிக்கு ஊற்றிவிடுங்கள்.)

தேங்காயைக் காதருகே ஆட்டி முற்றியதா என்று பார்ப்பதும், மண்பானையைத் தட்டி விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் இதே வித்தைதான். சந்தைக்குப் போகும்போது பிள்ளையையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பானை 'டங்' என்று பேசும், விரிசல் விட்டது 'பொத்' என்று இருமும்.

மான்டிசோரி சொன்ன ரகசியக் குரல்

மரியா மான்டிசோரியின் பெயரில் ஊருக்கு நாலு பள்ளி இருக்கிறது. அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க வேண்டியதாயிற்று. அதில் சில காலம் கொடைக்கானலில் இருந்தார். அவருடைய முறையில் ஒலிப்பெட்டிகள் என்று ஒரு கருவி உண்டு. ஒரே மாதிரி இருக்கும் ஆறு ஜோடி உருளைகளுக்குள் வெவ்வேறு பொருள்கள் இருக்கும். குலுக்கிக் கேட்டே ஜோடி சேர்க்க வேண்டும்.

வீட்டில் இதைச் செய்ய, உள்ளே இருப்பது தெரியாத ஒரே அளவு டப்பாக்கள் போதும். ரவை, துவரம்பருப்பு, புளியங்கொட்டை, அரிசி என்று இரண்டிரண்டு டப்பாக்களில் போடுங்கள். முதலில் ரவையும் புளியங்கொட்டையுமாக இரண்டு ஜோடி மட்டும். நன்றாகப் பழகிய பிறகு அரிசியையும் பருப்பையும் கலந்தால், அப்போது தெரியும் வித்தை. மூடியை டேப் போட்டு இறுக்கி ஒட்டிவிடுங்கள். புளியங்கொட்டையை மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் திணித்துக்கொள்ளும் வயது அது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய மௌன விளையாட்டு. பிள்ளைகள் எல்லோரும் துளி அசைவு இல்லாமல் உட்கார வேண்டும். டீச்சர் பக்கத்து அறைக்குப் போய், ஒவ்வொருவர் பெயரையும் ரகசியக் குரலில் கூப்பிடுவார். தன் பெயரைக் கேட்ட பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து போக வேண்டும். 'சும்மா இரு' என்று அதட்டினால் இருக்காத வாண்டுகள், தன் பெயர் எப்போது வரும் என்று மூச்சைக்கூட அடக்கிக் காத்திருப்பார்கள். கத்திக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட அம்மாக்கள் ஒரு வாரம் ரகசியமாகக் கூப்பிட்டுப் பாருங்கள்.

வெளியே போனால் வேறு உலகம். முர்ரே ஷேஃபர் என்ற கனடா நாட்டு இசையமைப்பாளர், மாணவர்களின் செவியைக் கூர்மையாக்கும் பயிற்சிகளுக்குக் 'காதைச் சுத்தம் செய்தல்' என்று பெயர் வைத்து 1967-ல் ஒரு புத்தகமே போட்டார். (பட்ஸ் இல்லாமல் காதைச் சுத்தம் செய்யச் சொன்ன நல்ல மனிதர்!) ஊர்ச் சத்தங்களைக் கேட்பதற்காகவே பேசாமல் நடந்து போவது அவர் பரப்பிய வழக்கம். நாங்கள் கடைக்கு நடக்கும் ஐந்து நிமிடத்தை அப்படி ஆக்கிக்கொண்டோம். சோன்பப்டி வண்டி மணி, வெல்டிங் பட்டறை, காய்கறிக்காரம்மாவின் 'கீரே...ய்', இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை 'டக்' என்று வைக்கும் சத்தம். வீட்டுக்கு வந்ததும் எது முதலில் கேட்டது, எது தூரத்தில், எது நின்று நின்று வந்தது என்று பேசிக்கொள்வோம்.

எப்படிக் கேட்க வேண்டும்?

'அது என்ன சத்தம்?' என்று கேட்டால் 'வண்டி' என்று ஒரு வார்த்தையில் பதில் முடிந்துவிடும். 'எந்த மாதிரி இருந்துச்சு?' என்று கேட்டால்தான் பிள்ளை யோசிக்கும். பெரிய சத்தமா, குட்டிச் சத்தமா? கீச்சுக்குரலா, கட்டைக்குரலா? சட்டென்று நின்றதா, இழுத்ததா? கிட்ட வருகிறதா, போகிறதா? இதற்கு முன்னால் வேறு எங்கே கேட்டாய்? ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கேட்டுத் துளைக்காதீர்கள். ஒன்று போதும்.

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். நமக்குத்தான் அவசரம். மூன்று விநாடியில் நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை சொந்தமாக ஒரு சொல்லை உண்டாக்கினால் திருத்தாதீர்கள். எங்கள் பழைய ஃபேனுக்கு என் மகள் வைத்த பெயர் 'டுக்குடா டுக்குடா'. அதைவிடப் பொருத்தமாக என்னால் சொல்ல முடியாது.

மயில் அகவும், குயில் கூவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும் என்ற மரபுச் சொற்களைப் பள்ளியில் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். மயில் அகவுவதை ஒருமுறைகூடக் கேட்காத பிள்ளைக்கு அது வெறும் ஒரு மார்க். இப்போது கோவை, திருப்பூர்ப் பக்கமெல்லாம் வயலுக்கு வயல் மயில் நிற்கிறது. கேட்கும்போதே 'இதுதான் அகவுறது' என்று சொல்லிவிட்டால், மனப்பாடமே தேவைப்படாது.

இதற்கெல்லாம் வீட்டில் கொஞ்சம் அமைதி வேண்டும். யாரும் பார்க்காத டி.வி ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும் வீட்டில், பேச்சையும் இரைச்சலையும் பிரித்தெடுப்பது சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாடு. நம் காது அதைச் சமாளித்துவிடும், அதனால் நமக்கு அது உறைப்பதில்லை.

விளையாட்டில் தெரியும் விஷயங்கள்

விளையாட்டு பரிசோதனை ஆகாது. ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று அது காட்டிக் கொடுக்கும். நாலு முதல் ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் குழந்தை திரும்ப வேண்டும். ஒரு வயதுக்குள் பெயர் சொன்னால் பார்க்க வேண்டும். பெரிய பிள்ளைகள் அடிக்கடி 'என்ன?' என்று கேட்பது, நம் வாயையே பார்ப்பது, டி.வி-க்குப் பக்கத்தில் போய் உட்காருவது, மெல்லிய சத்தங்களை மட்டும் தவறவிடுவது எல்லாம் குறும்பு என்று ஒதுக்க வேண்டியவை அல்ல. சளி பிடித்த வாரத்தில் மோசமாகவும் பிறகு சரியாகவும் இருந்தால்கூட ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பிறந்த குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனை உண்டு. தூங்கும்போதே காதில் ஒரு சின்னக் கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள், வலியே இருக்காது. ஒரு மாதத்துக்குள் இந்தப் பரிசோதனை, குறை இருக்குமோ என்று தோன்றினால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் வந்திருக்கின்றன. அங்கே கட்டணமின்றிப் பார்க்கலாம். பிறவியிலேயே காது கேட்காத, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் செய்கிறார்கள். 'தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு' என்று மூன்று வயது வரை காத்திருப்பதுதான் இதில் பெரிய இழப்பு. மொழியைக் கற்க மூளை விரியத் திறந்திருக்கும் காலம் அதற்குள் பாதி ஓடிவிடும்.

குழந்தைகளுக்கு வரும் செவித்திறன் குறைபாட்டில் ஏறக்குறைய 60 சதவிகிதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹேர்பின், பட்ஸ், காய்ச்சிய எண்ணெய் எதுவும் காதுக்குள் போக வேண்டாம். குளிப்பாட்டியதும் காதில் ஊதுவதையும் விட்டுவிடலாம். படுக்கவைத்துப் பால் பாட்டிலைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் மகளுக்கு அந்த மூன்று மாதமும் மருத்துவர் சொன்னபடி அருகில் போய், முகம் பார்த்துப் பேசினோம். பள்ளியில் முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொன்னோம். டீச்சரும், "தெரியாமப் போச்சுங்க" என்று வருத்தப்பட்டார். எனக்கே தெரியவில்லை, அவரை என்ன சொல்ல?

இரண்டரை மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தவள் திடீரென்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரையே பார்த்தாள்.

"அம்மா, அது என்ன சத்தம்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீடு அமைதியாகத்தான் இருந்தது. "எந்த மாதிரி இருக்கு?" என்றேன், பழக்கதோஷத்தில்.

"பல்லி மாதிரி. ஆனா, நிறுத்தவே மாட்டேங்குது."

எங்கள் கல்யாணத்துக்கு யாரோ பரிசளித்த சுவர்க்கடிகாரம். அவள் பிறந்ததிலிருந்து அங்கேதான் மாட்டியிருக்கிறது.